மாறுவேடமும் மழலையின் படமும்

அக்டோபர் மாதம் முடியும் தறுவாயில் நம் கைப்பேசிகளில் வந்து குவியும் சில படங்களை வாசக சகோதரிகள் கண்டிருப்பீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறிய உறவினர் வீட்டுப் பிள்ளைகள் எலும்புக்கூடாகவும், சூனியக்காரியாகவும், வௌவாலாகவும் வேடமிட்டு, கையில் மிட்டாய் வாளியுடன் வாசற்படியில் நிற்கும் படங்கள் அவை. ‘ஹாலோவீன்’ என்று அந்நாளுக்குப் பெயர். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் வீட்டுப் பெரியவர்கள் அஊது ஓதுவதும், பேரப்பிள்ளைகள் “எனக்கும் அந்த உடை வேண்டும்” என்று அடம்பிடிப்பதும் இப்போது பல இல்லங்களில் ஆண்டுதோறும் நடக்கும் நிகழ்ச்சியாகிவிட்டது.

அக்டோபர் 31ஆம் நாள் இரவில் கொண்டாடப்படும் இவ்வழக்கத்தின் வேர் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் உள்ளது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் ஆவிகள் உலவும் என்பது அம்மக்களின் பழைய நம்பிக்கை. மறுநாளாகிய நவம்பர் 1, கிறிஸ்தவர்களுக்குப் புனிதர் அனைவரின் பெருநாள். 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறிய அயர்லாந்து மக்கள் இவ்வழக்கத்தை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள் அங்கே பூசணியைக் குடைந்தார்கள். ஆவி நம்பிக்கையிலிருந்து தோன்றிய இதனை நம் உலமாப் பெருமக்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்பதில்லை. அதை நாம் இறக்குமதி செய்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை.

ஆயினும், வேடமிட்ட குழந்தை ஒரு பக்கம், அதைப் படமெடுக்க முந்தும் பெற்றோர் மறுபக்கம் என்ற காட்சி அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. குழந்தைகள் தினமான நவம்பர் 14ஐ ஒட்டியோ, பள்ளி ஆண்டு விழாவின்போதோ நம் திருவண்ணாமலைப் பள்ளி வாசல்களில் நின்று பாருங்கள். பாரதியார் நால்வர், ஜான்சி ராணி மூவர், தாடி ஒட்டிய திருவள்ளுவர் ஒருவர் என வரிசையாக வருவார்கள். அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஆகவே இது நம் வாசலில் நிற்கும் விஷயம்.

வேடம் நமக்குப் புதிதா?

திருவண்ணாமலை மாவட்டம் தெருக்கூத்தின் தாயகம். செய்யாற்றை அடுத்த புரிசை கிராமம் கூத்துக்கலையால் நாடறிந்தது. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் அணிவதை இப்பகுதியினர் ‘கட்டை கட்டுதல்’ என்பர். மாசி மாதத்து மயானக் கொள்ளையில் அங்காளம்மன் வேடம் பூண்டோர் வீதி வலம் வருவது வட மாவட்டத்தார் அனைவரும் கண்ட காட்சி. தெற்கே தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் தசராவின்போது பெரியவர்களும் சிறுவர்களும் பற்பல வேடங்கள் தரித்து, வீடு வீடாகவும் கடை கடையாகவும் காணிக்கை பெறுகிறார்கள். வேடமிட்டு வாசல்தோறும் செல்லும் வழக்கத்தைக் காண அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. அவையெல்லாம் அண்டை வீட்டாரின் சமயம் சார்ந்தவை, அவர்களுக்கு உரியவை.

நம் சமுதாயத்தில் வேடமே இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியுமா? ஜாபர் ஷரீப் என்பவர் எழுத, மதராஸ் ராணுவத்தில் மருத்துவராயிருந்த ஹெர்க்லாட்ஸ் ஆங்கிலத்தில் பெயர்த்து, 1832இல் லண்டனில் வெளியிட்ட ‘கானூனே இஸ்லாம்’ என்ற நூல் தென்னிந்திய முஸ்லிம்களின் அன்றைய வழக்கங்களை விரிவாகக் கூறுவது. முஹர்ரம் நாட்களில் உடம்பில் வண்ணம் பூசிப் புலிவேடமிட்டவர்களையும், வேண்டுதலுக்காகப் பக்கீர் கோலம் பூண்டவர்களையும் அதில் காணலாம். ஆலிம்களின் இடைவிடாத போதனையால் அவ்வழக்கம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. மறைந்தது நல்லதே என்பதே என் கருத்து.

இன்னொரு வேடம் மட்டும் மறையவில்லை. சுன்னத் கல்யாணத்தன்று ஜரிகைத் தொப்பியும் மாலையும் அணிவித்து, சில வீடுகளில் குதிரை மீதும் ஏற்றி, பையனை ‘மாப்பிள்ளை’ ஆக்கிவிடுகிறோம். அந்தக் கோலத்தில் ஸ்டூடியோவுக்கு அழைத்துச் சென்று எடுத்த படம் நம் வீட்டுப் பழைய ஆல்பங்களில் தவறாமல் இருக்கும். வரப்போவது என்னவென்று அறியாத அந்தச் சிறுவனின் கம்பீரத்தைப் பார்த்து இன்றும் வீட்டார் சிரிக்கிறார்கள். மாறுவேடப் படம் எடுக்கும் ஆசை நம்மிடம் வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று.

பள்ளியிலிருந்து வரும் செய்தி

“வரும் வெள்ளியன்று மாறுவேடப் போட்டி. குழந்தையைத் தயார் செய்து அனுப்பவும்.” முன்பு பள்ளி நாட்குறிப்பில் எழுதி வந்த இச்செய்தி இப்போது வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. வந்த இரவே தாயின் உறக்கம் போய்விடுகிறது. சிலர் வீண் வம்பு எதற்கென்று அன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கடிதம் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் வாடகைக் கடையில் கிடைத்ததை மாட்டி அனுப்பிவிட்டு, பிறகு படத்தைப் பார்த்த மாமனாரிடம் ஏச்சு வாங்குகிறார்கள். முதல் வழியில் குழந்தை பொய்யைக் கற்கிறது. அதோடு வகுப்பில் தான் மட்டும் தனி என்ற எண்ணமும் அதன் நெஞ்சில் விழுகிறது. இரண்டாவதில் நம் வரம்பு போகிறது. இரண்டும் வேண்டியதில்லை.

வரம்பு யாது? பிற சமயத்தார் வணங்கும் தெய்வ உருவங்களாக நம் பிள்ளைகள் வேடமிடுதல் கூடாது. ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் வேடமிடுவதையும் மார்க்கம் தடுக்கிறது. ஆர்வ மிகுதியால் சிலர் மறந்துவிடும் ஒன்றும் உண்டு. நபிமார்களாகவும் ஸஹாபாப் பெருமக்களாகவும் குழந்தைகளை மேடையேற்றுவது நல்ல எண்ணத்தோடு செய்தாலும் தவிர்க்க வேண்டியதே. இவை போக எஞ்சியிருப்பது மிகப் பெரிய உலகம்.

அக்டோபர் 15ஆம் நாள் பிறந்த ராமேஸ்வரத்து மேதை அப்துல் கலாம் இருக்கிறார். நடுவகிடு எடுத்து இருபுறமும் வழியும் வெள்ளிமுடி ஒன்றே போதும். எந்தக் குழந்தையையும் கலாமாக்கிவிடலாம். கறுப்புத் தொப்பியும் நீண்ட சட்டையுமாகக் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் (1896–1972) இருக்கிறார். அவரைப் பற்றி நான்கு வரி பேச வேண்டுமென்றால் தாயும் நான்கு பக்கம் படிக்க நேரும். அது தனி லாபம். தலைவர்கள்தாம் வேண்டுமென்பதும் இல்லை. ஆரணிப் பட்டு நெசவாளி, ஜவ்வாது மலையில் சாமை விளைவிக்கும் உழவர், தேரடி வீதியில் பூக்கட்டும் அம்மா, அரசு மருத்துவமனைச் செவிலி என்று கண்ணெதிரே எத்தனை பேர்! வந்தவாசிக் கோரைப்பாயைத் தோளில் சுமந்த வியாபாரியாகவும் ஒரு பையன் போகலாம். ‘பாய் விற்கும் பாய்’ என்று வகுப்பே சிரிக்கும், சிரித்தால் சிரிக்கட்டுமே! வரம்பை முன்கூட்டியே பணிவுடன் எடுத்துச் சொன்னால் பெரும்பாலான ஆசிரியைகள் மறுப்பதில்லை. வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ நேரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

விளையாட்டையும் கற்பனையையும் இஸ்லாம் குழந்தைகளிடமிருந்து பறிக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே துணியால் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்தது. அது என்னவென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். குதிரைக்கு இறக்கையா என்று வியந்தபோது, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்தனவாமே என்று அன்னையவர்கள் மறுமொழி கூறினார்கள். அதைக் கேட்டு அண்ணலார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்பது அபூதாவூத் நூலில் வரும் செய்தி. துணியில் இறக்கை தைத்த அந்தக் கைகளை நினைத்துக்கொண்டே நம் பிள்ளைக்கும் உடை தைக்கலாம்.

உடையைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். கார்த்திகை மாதத்தில் இந்நகரின் வீதியெங்கும் அகல்விளக்கு எரியும். வாடகைக்கு வரும் நைலான் உடைகளும் பஞ்சுத் தாடிகளும் நொடியில் தீப்பற்றக்கூடியவை; நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணியே நல்லது. முகத்தில் பூசும் சாயத்தை முந்திய நாளே மணிக்கட்டில் சிறிது தடவிப் பார்த்துவிட வேண்டும்.

கேமராவும் நாமும்

இனிப் படத்திற்கு வருவோம். கெய்ரோவில் வாழ்ந்த பஸ்ராக்காரர் இப்னுல் ஹைதம் 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய ‘கிதாபுல் மனாளிர்’ ஒளியியலின் மூலநூல்களுள் ஒன்று. இருட்டறையின் சிறு துளை வழியே புகும் ஒளி எதிர்ச் சுவரில் உருவத்தை வீழ்த்தும் விதத்தை அவர் ஆராய்ந்தார். அதனால் ‘கேமரா’ என்ற சொல்லே அரபியிலிருந்து வந்ததென்று நம்மவர் சிலர் மேடைகளில் முழங்குவதுண்டு. அது சரியன்று, அறை என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. இப்னுல் ஹைதமின் பெருமைக்கு இந்த இரவல் தேவையில்லை.

புகைப்படம் மார்க்கத்தில் ஆகுமா என்பதில் அறிஞர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கருத்து வேறுபட்டுள்ளனர். எகிப்தின் தலைமை முப்தியாக விளங்கி 1935இல் மறைந்த முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், இது உருவத்தைப் படைப்பதன்று, ஒளியின் உதவியால் நிழலை நிறுத்தி வைப்பதே என்று விளக்கி ஆகுமென்றார்கள். நம் துணைக்கண்டத்து ஆலிம்கள் பலர் பாஸ்போர்ட், ஹஜ்ஜுப் பயணம் போன்ற தேவைகளுக்கு மட்டும் இசைந்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் இரண்டாம் கருத்தினராயிருந்தால் அவரை வாதத்தில் வெல்ல முயல வேண்டாம். அவருக்கு வேடமிட்ட பிள்ளையையே நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள்; படத்தைவிட அது மேல்.

திருவண்ணாமலைக்கும் கேமராவுக்கும் நீண்ட உறவு உண்டு. பிரான்ஸ் நாட்டின் உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் இங்கு வந்து தங்கி ரமணரின் இறுதி நாட்களைப் படமெடுத்தார். கொச்சியைச் சேர்ந்த அபுல் கலாம் ஆசாத் என்ற புகைப்படக் கலைஞர் இந்நகரில் குடியேறி, ஏகலோகம் என்ற அறக்கட்டளையை நிறுவி, 2014–15இல் பல கலைஞர்களைக் கூட்டித் திருவண்ணாமலையின் அன்றாட வாழ்வைப் பதிவு செய்தார். பிரெஸ்ஸோனைப் பற்றி இங்கு குறிப்பிட வேறொரு காரணமும் உண்டு. அவர் கையடக்கமான லைக்கா கேமராவையே பயன்படுத்தினார். பிளாஷ் வெளிச்சத்தை வெறுத்தார். எவரையும் இப்படி நில், அப்படிச் சிரி என்று சொல்வதில்லை. உலகத்தின் முகங்களையெல்லாம் எடுத்த அம்மனிதர், தம் முகத்தைப் பிறர் படமெடுப்பதை மட்டும் விரும்பவில்லை. கேமராவின் வலிமையை அறிந்தவருக்கே அதன் மீது அவ்வளவு அச்சம்!

படம் போகும் தொலைவு

பிலிம் சுருள் இருந்த காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படங்கள். எண்ணி எண்ணி எடுத்தோம். கழுவி அச்சிட்ட படம் பீரோவுக்குள் போயிற்று. விருந்தினர் வந்தால் வெளியே வந்தது. பார்ப்பவர் யாரென்று வீட்டாருக்குத் தெரிந்திருந்தது. இன்று போட்டி முடிவதற்கு முன்பே படம் தாயின் ஸ்டேட்டஸில் ஏறுகிறது; அங்கிருந்து சிற்றன்னையின் குழுவுக்கு, அங்கிருந்து யாருக்கோ. பள்ளியும் தன் பேஸ்புக் பக்கத்தில் போடுகிறது. அடையாள அட்டையில் பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன.

அந்நியர் கையில் ஒரு குழந்தையின் படம் என்னவாகும் என்பதற்கு எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை. கிருஷ்ண ஜெயந்தி தோறும், புர்கா அணிந்த தாய் ஒருவர் கண்ணன் வேடமிட்ட மகனைக் கைப்பிடித்து நடக்கும் படம் இணையத்தில் சுற்றுகிறது. ஒரு சாரார் அதை மத நல்லிணக்கத்தின் சின்னம் என்று போற்றுகின்றனர். வேறொரு சாரார் அத்தாயின் ஈமானை அளக்கத் தொடங்குகின்றனர். அவ்வேடத்தை நான் ஏற்கவில்லை என்பதை மேலே சொல்லிவிட்டேன். ஆனால், அந்தச் சிறுவன் யார், என்ன வகுப்பு படிக்கிறான், உடை இறுக்கமாயிருந்ததா, பரிசு கிடைத்ததா என்று அவர்களில் எவராவது கேட்டதுண்டா? வேடம் அன்று மாலையே கலைந்திருக்கும். படம் இன்னும் கலையவில்லை. தாயைப் பற்றி முன்பின் அறியாதவர்கள் எழுதும் சொற்களை அப்பிள்ளை வளர்ந்தபின் ஒருநாள் படிக்கக்கூடும்.

இதைவிட என்னை வருந்தச் செய்வது, மேடையில் அழும் குழந்தையின் காணொளி. வசனம் மறந்து, ஒட்டிய மீசை நழுவி, கூட்டத்தில் தாயைத் தேடி விம்முகிறது குழந்தை. தாயின் முகத்திருக்க வேண்டிய இடத்தில் அது காண்பது ஒரு கைப்பேசியின் முதுகை. ஓடிச் சென்று தூக்க வேண்டிய கைகள் படமெடுத்துக்கொண்டிருக்கின்றன. அன்றிரவே சிரிக்கும் பொம்மைக் குறிகளோடு அது உறவினர் குழுவில் வருகிறது. நாமும் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். நம்மில் ஒருவர் அலுவலகத்தில் அழுததை எவரேனும் இப்படிப் பரப்பினால் பொறுத்துக்கொள்வோமா?

இன்னும் கொடிய ஆபத்துகளும் உண்டு. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளால் எந்தச் சாதாரணப் படத்தையும் ஆபாசமாக மாற்றிவிட முடிகிற காலம் இது. அப்படி ஏதும் நேர்ந்தால் வெளியே சொல்லக் கூசி வீட்டிற்குள் புழுங்க வேண்டாம். இணையக் குற்றங்களுக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற எண்களை வீட்டில் எழுதி வையுங்கள்.

நம் நாட்டில் 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டுமென்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பெற்றோரே படத்தைப் பரப்பினால் என்ன செய்வது? பிரான்ஸ் அதற்கும் வழி கண்டது. பிள்ளையின் படம் பற்றிய உரிமையைக் காக்க வேண்டியவர்கள் தாயும் தந்தையும் சேர்ந்தே. பிள்ளையின் வயதுக்கும் பக்குவத்திற்கும் ஏற்ப அதன் கருத்தையும் கேட்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் அந்நாடு சட்டம் இயற்றியது. நம்மிடம் இதற்கு ‘அமானிதம்’ என்ற பழைய சொல் உண்டு. பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம் என்கிறோம். அதன் முகம் மட்டும் அதில் சேராதா?

பள்ளிகளிடம் இரண்டே வரியில் கடிதம் கொடுக்கலாம்: “எங்கள் பிள்ளையின் படத்தைப் பள்ளியின் பதிவேட்டிற்கு எடுக்கலாம், இணையத்தில் வெளியிட வேண்டாம்.” சண்டையின்றிச் சொன்னால் செவிசாய்ப்பார்கள். பிறர் பிள்ளைகள் உடன் நிற்கும் படத்தை நாம் பரப்பாமலிருப்பதும் இதில் அடங்கும்.

எப்படி எடுக்கலாம்?

அப்படியானால் படமே வேண்டாமா? வேண்டும். எடுங்கள், நன்றாக எடுங்கள். பள்ளிக்குப் புறப்படும் காலை நேரமே ஏற்றது. உச்சி வெயிலில் கண் சுருங்கும். கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். வாசல் நிலைப்படியின் உட்புறமோ திண்ணை நிழலோ போதும். அங்கே மென்மையான ஒளி விழும். பிளாஷ் வேண்டாம். நின்றுகொண்டு எடுத்தால் குழந்தை குட்டையாகவும் தலை பெரிதாகவும் தெரியும். முட்டியிட்டு, கேமராவை அதன் கண் மட்டத்திற்குக் கொண்டு வாருங்கள். பின்னால் துணிக்கொடியும் தண்ணீர்க் குடமும் இல்லாத வெறுஞ்சுவர் நல்லது. “சிரி, சிரி” என்று வற்புறுத்த வேண்டாம். கலாமாக வேடமிட்ட பிள்ளையிடம் ராக்கெட் எப்படிப் போகும் என்று கேளுங்கள். அது கையை உயர்த்தும் அந்த வேளையில் எடுங்கள். போதும் என்று குழந்தை சொன்னால் போதும்தான்.

வேடம் முழுமையான பின் எடுக்கும் ஒரு படத்தைவிட, வேடம் உருவாகும்போது எடுப்பவை பிற்காலத்தில் இனிக்கும். நன்னிமா தையல் இயந்திரத்தில் குனிந்திருப்பது, அத்தா பசையும் பஞ்சுமாய் வெள்ளிமுடி ஒட்டுவது, திரும்பி வந்ததும் பாதித் தாடியோடு சோறு உண்பது. இவற்றை எந்த ஸ்டூடியோவும் எடுத்துத் தராது.

துபாயிலிருக்கும் தந்தைக்கு அனுப்ப வேண்டுமே என்பீர்கள். அவருக்கு மட்டும் தனியே அனுப்புங்கள், குழுக்களில் வேண்டாம். ஊராருக்கும் காட்டியே தீர வேண்டுமென்ற ஆசை அடங்காவிட்டால், முதுகுப்புறமிருந்து ஒன்று எடுங்கள். தோளில் புரளும் வெள்ளிமுடியைப் பார்த்ததும் கலாம் என்று எவரும் அறிவர். பிள்ளை யாரென்று அறியார்.

எடுத்தவற்றில் இரண்டு மூன்றையாவது ஸ்டூடியோவில் கொடுத்துக் காகிதத்தில் அச்சிட்டு வாங்குங்கள். கைப்பேசி கெட்டால் அதிலுள்ள ஆயிரம் படங்களும் அதோடு போய்விடும்; அச்சிட்ட படம் ஆல்பத்தில் இருக்கும். படத்தை வைக்கும் உறையின் மேல் முன்னதாகவே தேதி, வகுப்பு, என்ன வேடம், உடை தைத்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்துவிட்டுப் பிறகு படத்தை உள்ளே இடுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளையென்றால், அன்று மேடையில் என்ன நடந்தது என்ற வரியை அதன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.